சின்ன ஹாலில் ஒரு கச்சேரி மாலை

கர்நாடக சங்கீதக் கச்சேரியை நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்று முதன்முதலாகக் கிளம்புகிறவர்கள் அநேகமாக மார்கழியில்தான் கிளம்புகிறார்கள். பெயர் தெரிந்த பாடகரைத் தேடிப் பிடித்து, கிடைத்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பால்கனியின் கடைசி வரிசையில் போய் உட்காருகிறார்கள். மேடையில் நாலைந்து பேர் இருப்பது தெரியும். பாட்டு ஒலிபெருக்கியிலிருந்து வரும். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடித் தலையாட்டுவார். வீட்டிலேயே கேட்டிருக்கலாமே என்ற நினைப்போடு திரும்பிவிடுகிறார்கள். இதைச் சங்கீதத்தின் குறை என்பதைவிட, தேர்ந்தெடுத்த இடத்தின் குறை என்பதே சரி. முதல் கச்சேரியை, முடிந்தால் முதல் பத்துக் கச்சேரிகளையும், நூறு இருநூறு பேருக்கு மேல் கொள்ளாத சின்ன ஹாலில், உள்ளூர்க் கலைஞர்களிடம் கேளுங்கள் என்பதுதான் இந்த அத்தியாயம் முன்வைக்கும் யோசனை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் சென்னை மயிலாப்பூரையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்தவை.

ஏன் சின்ன ஹால்?

இந்தச் சங்கீதத்தின் கருவிகள் பெரிய அரங்குக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வீணையின் மீட்டு ஒரு கூடத்தைத் தாண்டாது. தம்புராவின் ரீங்காரம் பாடுகிறவரின் காதுக்கும் அருகில் இருப்பவர்களுக்கும்தான். கோயில் மண்டபம், அரண்மனைக் கூடம், கல்யாண வீட்டுத் திண்ணை ஆகிய இடங்களில் வளர்ந்த கலை, மைக் வந்த பிறகே ஆயிரம் பேர் கொள்ளும் அரங்குகளுக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் (1890–1967) காலத்திலேயே இந்த இடமாற்றம் நடந்து முடிந்தது. மைக் கெட்டது என்பது வாதம் அல்ல. அது இல்லாவிட்டால் மென்குரல் பாடகர்கள் பலருக்கு மேடையே கிடைத்திருக்காது. ஆனால் 1,500 பேருக்கு மேல் அமரும் மியூசிக் அகாடமி போன்ற அரங்கில், குரலுக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் இடையே எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை மைக்காரர்தான் முடிவு செய்கிறார். சின்ன ஹாலில் அந்த முடிவில் பாதியாவது உங்கள் காதிடம் இருக்கும்.

காதைவிடக் கண்ணுக்கு லாபம் அதிகம். கச்சேரியில் பாதிக்கு மேல் மனோதர்மம், அதாவது அந்த மாலையில் அந்த மேடையிலேயே உருவாவது. தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியைப் பிடித்தால் வயலின் அரைக் கணம் பின்தங்கி அதை நிழலாகத் தொடர்கிறது. ஸ்வர எழுத்துகளைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரத்தில் கணக்கு எங்கே முடியப் போகிறது என்று மிருதங்க வித்வான் பாடகரின் உதட்டையும் தொடைமேல் விழும் கையையும் பார்த்து ஊகிக்கிறார். ஊகம் பலித்தால் இருவரும் சிரித்துக்கொள்கிறார்கள், பலிக்காவிட்டாலும் சிரித்துக்கொள்கிறார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கல்லால் தட்டி மிருதங்கத்தின் சுருதியைச் சரிசெய்வதும், கஞ்சிராவின் உடும்புத் தோலில் தண்ணீர் தெளித்துச் சுருதியை இறக்குவதும் நாலாவது வரிசையிலிருந்து தெளிவாகத் தெரியும். நாற்பதாவது வரிசையிலிருந்து பார்த்தால் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருப்பார்கள். ராகத்தின் பெயர் தெரியாத ஒருவருக்கு, இந்தப் பேச்சுவார்த்தை கண்ணில் படுவதுதான் சங்கீதத்துக்குள் நுழையும் முதல் வாசல்.

மறுப்புகள் சில

பெரிய வித்வான்கள் பெரிய சபாவில்தானே பாடுகிறார்கள், சின்ன ஹாலில் கிடைப்பது கற்றுக்குட்டிகள்தானே என்று கேட்கலாம். இந்தத் துறையில் ‘ஜூனியர்’ என்று அழைக்கப்படுபவர் சிறுவயதிலேயே தொடங்கிப் பத்துப் பதினைந்து வருடம் குருவிடம் உட்கார்ந்தவராக இருப்பார். அவருக்குப் பக்கத்தில் வாசிப்பவர் நாற்பது வருட அனுபவசாலியாக இருப்பதும் உண்டு. சீசன் முடிந்துவிட்டால் பெரிய பெயர்களும் சின்ன ஹால்களில் பாடுகிறார்கள். சில கச்சேரி சுமாராகத்தான் இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. அனுமதி இலவசமாக உள்ள இடத்தில் நஷ்டம் இரண்டு மணி நேரம்தான்; சுமாரான கச்சேரியைக் கேட்டிருந்தால்தான் நல்ல கச்சேரி எங்கே வேறுபடுகிறது என்பதும் பிடிபடும்.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. இருக்கிறது, திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பதிவில் கேட்பவர் தாள வாத்தியங்கள் மட்டும் பேசும் தனி ஆவர்த்தனம் வந்ததும் விரலால் தள்ளிவிடுகிறார், ஆலாபனை நீண்டால் வேறு பாட்டுக்குத் தாவுகிறார். ஹாலில் தாவ முடியாது. இந்தக் கட்டாயம்தான் முக்கால் மணி நேரம் ஒரே ராகத்தில் இருப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறது. இன்னொன்றும் உண்டு: ஐம்பது பேர் இருக்கும் ஹாலில் ஒருவர் தன்னை மறந்து ‘பலே’ என்று சொன்னால் அது பாடகரின் காதில் விழுகிறது, அதே பிடியை அவர் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். திரைக்கு முன்னால் நீங்கள் சொல்லும் ‘பலே’ யாருக்கும் கேட்காது.

மூன்றாவது மறுப்பு எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. ‘அது எங்கள் இடம் இல்லை, போனால் அந்நியமாக இருக்கும்’ என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். சபாக்களின் அவை பெரும்பாலும் ஒரே சமூகத்தையும் ஐம்பது தாண்டிய வயதையும் சேர்ந்தது என்பது கற்பனை அல்ல. ஆள் குறைவான ஹாலில் புது முகம் பளிச்சென்று தெரியவும் செய்யும். இந்த அந்நிய நிலையை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களின் தெருவிலேயே மேடை போட்டு ஒரு விழா தொடங்கப்பட்டது. சபா ஹாலைப் பொறுத்தவரை நடைமுறை நிலைமை இதுதான்: உடைக் கட்டுப்பாடு கிடையாது, யாரும் யாரையும் கேட்டு உள்ளே விடுவதில்லை, காலி நாற்காலிதான் அமைப்பாளரின் பெரிய கவலை. தயக்கம் இருந்தால் நண்பர் ஒருவரோடு போங்கள். ஐந்தாறு பேராகப் போக வேண்டாம். கூட்டமாகப் போனால் பேச்சு வரும்.

நாளையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தல்

1. முதல் முறைக்கு டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரையிலான உச்ச சீசனைத் தவிருங்கள். அந்த நாட்களில்தான் போக முடியும் என்றால் பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் உள்ள ஸ்லாட்டுகளைப் பாருங்கள். பல சபாக்களில் அவை இலவசம், இளைஞர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை.

2. லஸ் அவென்யூவில் உள்ள ராக சுதா ஹால், கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவனின் மினி ஹால், டி.டி.கே. சாலையில் நாரத கான சபாவின் மினி ஹால் ஆகியவை தொடங்க ஏற்ற அளவு கொண்டவை. அவ்வப்போது மைக்கே இல்லாமல் நடக்கும் கச்சேரிகளும் சென்னையில் உண்டு; அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

3. நிகழ்ச்சி விவரத்துக்கு நாளிதழ்களின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியும் மயிலாப்பூர் டைம்ஸ் போன்ற வட்டார வார இதழும் போதும். பாடகர் பெயரோடு நிறுத்திவிடாமல் முழுப் பட்டியலையும் படியுங்கள். வயலின், மிருதங்கம் தவிரக் கடம், கஞ்சிரா, மோர்சிங் இவற்றில் ஒன்று இருந்தால் அந்தக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாள வாத்தியம் இருந்தால் தனி ஆவர்த்தனம் உரையாடலாக மாறும்.

4. நேர அளவைப் பாருங்கள். பகல் ஸ்லாட் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மாலைக் கச்சேரி இரண்டரை மணி நேரம் போகலாம். முதல் முறைக்கு ஒன்றரை மணி நேரமே நிறைவு.

5. அன்று பிற்பகல் ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். பாடகருக்குத் தொண்டை கட்டினால் கச்சேரி கடைசி நேரத்தில் கைமாறும்.

குறிப்பு: மெட்ரோ பணிகளால் லஸ் சுற்றுவட்டாரத்தில் பாதைகள் அடிக்கடி மாறுகின்றன. கார் எடுத்துப் போவதைவிடப் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கி நடப்பது நிம்மதி.

எங்கே உட்காருவது

கச்சேரி தொடங்க இருபது நிமிடம் முன்னதாகவே ஹாலில் இருங்கள். சுருதி சேர்ப்பதும், மைக்காரரிடம் ‘வயலினைக் கொஞ்சம் ஏத்துங்க’ என்று சைகை காட்டுவதும், மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவை ஒட்டுவதும் அப்போதுதான் நடக்கும். முதல் வரிசை விருந்தினருக்கும் நடக்க முடியாத முதியவர்களுக்கும் என்று விட்டுவிட்டு, மூன்றிலிருந்து ஐந்தாவது வரிசைக்குள் அமருங்கள். மிருதங்கத்தின் வலந்தலை அவையை நோக்கும்படித்தான் வித்வான் பொதுவாக அமர்வார். அவர் இருக்கும் பக்கத்தைப் பார்த்து அங்கே இடம் பிடித்தால் விரல்களின் வேலை முழுக்கத் தெரியும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே மட்டும் உட்கார வேண்டாம்; காரணம் பின்னால் வருகிறது. நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்தால் நடைபாதையை ஒட்டிய ஓர நாற்காலியே சரி.

கச்சேரி நடக்கும்போது: ஒரே ஒரு வேலை

ராகத்தைக் கண்டுபிடிக்கும் பரீட்சையில் இறங்காதீர்கள். புதியவர்கள் சலித்துப்போவதற்கு முதல் காரணம் அதுதான்: பெயர் பிடிபடவில்லை என்ற பதற்றத்தில் பாட்டு கடந்து போய்விடுகிறது. ராகத்தை உணரப் பழக்கம் வேண்டும். தாளத்தை எண்ண, கை இருந்தால் போதும். அன்றைய மாலை முழுவதும் தாளத்தை விடாமல் பின்தொடர்வதை மட்டும் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பாடகரின் கையைப் பார்த்துச் செய்யலாம்.

1. முதல் உருப்படி பெரும்பாலும் வர்ணம். அது ஆதி தாளத்தில் இருந்தால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை, அதன்பின் தட்டி வீசுவது இரண்டு முறை. சத்தம் வராமல் விரலைத் தொடைமேல் வைத்து எண்ணுங்கள்.

2. அடுத்து வரும் இரண்டு மூன்று கீர்த்தனைகளில் எண்ணிக்கை மூன்றாகவோ ஐந்தாகவோ ஏழாகவோ மாறலாம். ஏழு என்றால் மிச்ர சாபு: மூன்றும் நாலுமாகப் பிரித்தால் எளிதில் பிடிபடும்.

3. பாட்டு தாளத்தின் முதல் தட்டில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுக்கப்படுவதைக் கவனியுங்கள். இதுதான் எடுப்பு. பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

4. நீண்ட ஆலாபனை வந்துவிட்டால் அன்றைய பிரதான உருப்படி நெருங்கிவிட்டது. ஆலாபனையில் தாளம் கிடையாது. கைக்கு ஓய்வு கொடுத்து, வயலின் எப்படிப் பின்தொடர்கிறது என்று மட்டும் பாருங்கள்.

5. நிரவலில் ஒரே வரி பலவாறு பாடப்படும். கல்பனாஸ்வரத்தில் ஸரிகமபதநி எழுத்துகளே பாடப்படும். இரண்டும் அதே எடுப்பில் வந்து இறங்குகின்றனவா என்று கையால் சோதியுங்கள். இறங்கும்போது உங்களை அறியாமல் தலை ஆடும். ரசிகர்கள் தலையாட்டுவதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

6. பிறகு தனி ஆவர்த்தனம். பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் பேசும். மிருதங்கம் ஒரு சுற்று, மானாமதுரையிலிருந்து வந்த மண்குடமான கடம் ஒரு சுற்று என்று மாறி மாறி வாசித்து, சுற்றுகளின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சேர்ந்து வாசித்து, கோர்வை என்னும் முடிப்புக் கணக்கை மூன்று முறை வைத்து முடிப்பார்கள். முடியும் புள்ளியில் பாடகர் பாட்டின் வரியை எடுப்பார். அந்தக் கணம் வரை கையில் எண்ணிக்கை தவறாமல் இருந்தால் நீங்கள் கச்சேரி கேட்டுவிட்டீர்கள்.

7. மீதி, துக்கடா எனப்படும் சின்னப் பாட்டுகளும் முடிவில் பாடும் மங்களமும். இங்கே கை எண்ண வேண்டியதில்லை.

எண்ணிக்கை நடுவில் தவறிப் போவது சகஜம். பிரதான உருப்படி இரண்டு களையில், அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிப்பாக, சவுக்க காலத்தில் போனால் நிச்சயம் தவறும். பாடகரின் கையைப் பார்த்து மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். பெரிய அரங்கின் பின்வரிசையில் தவறிவிட்டால் திரும்பச் சேர வழியே இல்லை என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

சின்ன ஹாலில் ஒவ்வொரு தவறும் பெரிதாகிறது. தொடையில் ஓங்கித் தட்டித் தாளம் போடுவது முதல் தவறு; அது சரியான தாளமாக இருந்தாலும் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொந்தரவு, தப்பான தாளமாக இருந்தால் மேடைக்கும் தொந்தரவு. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து போவது, பழைய ரசிகர்களே செய்யும் தவறு. இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கிப் பிடித்தவர் தன் முறை வரும்போது முதுகுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாற்பது பேர் உள்ள ஹாலில் ஐந்து பேர் எழுந்தால் கதவு திறந்து மூடும் சத்தமே ஒரு பக்கவாத்தியம் ஆகிவிடும். போயே ஆக வேண்டுமென்றால் ஆலாபனைக்கு முன், இரண்டு உருப்படிகளுக்கு நடுவே போய்விடுங்கள்.

கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்தால் போதாது. திரையின் வெளிச்சம் இருட்டில் மேடை வரை தெரியும். அனுமதி இல்லாமல் பதிவு செய்யாதீர்கள். அன்றுதான் ஒரு ராகத்தைப் புதிதாக முயன்று பார்க்கும் இளைஞருக்கு, அரைகுறையான அந்த ஐந்து நிமிடம் இணையத்தில் உலாவுவது நியாயம் அல்ல. பாடச் சொல்லிச் சீட்டு அனுப்பும் வழக்கம் உண்டு; துக்கடா நேரத்தில் சின்னப் பாட்டு ஒன்றைக் கேட்டுத் தொண்டர் மூலம் அனுப்பலாம். பிரதான உருப்படியாக இன்ன ராகம் பாடுங்கள் என்று எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். கைதட்ட இடங்கள் உண்டு: பாட்டின் முடிவு, வயலின் ஆலாபனை முடிந்ததும், தனி முடிந்ததும். தாளத்துக்கு ஏற்பச் சேர்ந்து கைதட்டுவதை மெல்லிசை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

செவி: சாஸ்திரீய சங்கீதத்தால் காது கெடுமா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஐம்பது பேருக்கு ஐந்நூறு பேருக்கான ஒலிபெருக்கியை வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கும்வரை அந்தச் சிரிப்பு பொருந்தாது. அமெரிக்காவின் பணியிட நலக் கழகமான நியோஷ், 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரத்தை வரம்பாகச் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 91 டெசிபலுக்கு இரண்டு மணி நேரம்தான், அதாவது ஒரு மாலைக் கச்சேரியை விடக் குறைவு. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று கொள்ளலாம். பின்வரிசைக்கு நகருங்கள், இடைவெளியில் அமைப்பாளரிடம் சொல்லுங்கள். பல சமயம் அவர்களும் யாராவது சொல்வார்களா என்று காத்திருப்பவர்கள்தான். குழந்தைகளைப் பெட்டிக்கு அருகில் உட்கார வைக்கவே கூடாது.

வெளிவாசல்: சில ஹால்கள் மாடியில், ஒற்றைப் படிக்கட்டோடு இருக்கும். உள்ளே நுழைந்ததும் இரண்டாவது வழி எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் நாற்காலி போட்டு நடைபாதையை அடைத்திருந்தால் அந்தப் பக்கம் அமர வேண்டாம். செருப்பைப் படிக்கட்டில் குவிக்காமல் ஓரமாக விடுங்கள். கச்சேரி முடிந்து முதியவர்கள் இறங்கும்போது தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

திரும்பும் வழி: மாலைக் கச்சேரி ஒன்பதைத் தொடலாம். கடைசி ரயில் நேரத்தைப் போகும்போதே பார்த்துவிடுங்கள். ஆட்டோ பதிவு செய்தால் பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை ஹால் வாசலின் வெளிச்சத்தில் நில்லுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. டிசம்பரின் முதல் பாதியில் வடகிழக்குப் பருவமழை மிச்சம் இருக்கும். தண்ணீர் தேங்கிய மாட வீதிகளில் பள்ளம் தெரியாது, தெரிந்த சாலையிலேயே நடங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆறு மணிக்கே ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும். சீசனில் சபா கேன்டீன் இருக்கும்; மற்ற மாதங்களில் சின்ன ஹாலில் தண்ணீர்கூடக் கிடைக்காமல் போகலாம்.

காசு

அனுமதி இலவசம் என்றால் செலவில்லாமல் கச்சேரி நடக்கிறது என்று அர்த்தமில்லை. ஹால் வாடகை, மைக், மின்சாரம் எல்லாவற்றையும் யாரோ ஒரு கொடையாளர் ஏற்றிருப்பார். இளம் கலைஞருக்குக் கிடைக்கும் சன்மானம் போக்குவரத்துக்கே பற்றுவதில்லை என்ற மனக்குறை இத்துறையில் பழையது. வாசலில் நன்கொடைப் பெட்டி இருந்தால், ஒரு சினிமா டிக்கெட்டுக்குக் கொடுப்பதை அதில் போடுங்கள். டிக்கெட் வைத்த கச்சேரிக்குத் தெரிந்தவர் மூலம் ஓசிப் பாஸ் தேடாதீர்கள். இலவசமாகவே கேட்டுப் பழகிய அவை, சின்ன ஹால்களின் ஆயுளைக் குறைக்கிறது.

முடிந்த பிறகு

மங்களம் முடிந்ததும் ஓடிவிடாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பெரிய அரங்கில் கலைஞரைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். இங்கே அவர் தம்புராவை உறையில் போட்டுக்கொண்டிருப்பார். ‘பிரதானமா பாடினது என்ன ராகம், என்ன தாளம் சார்?’ என்று கேட்கலாம். பாடியவர் பெண் என்றால் ‘மேடம்’, இளைஞர் என்றாலும் ‘நீங்க’தான். பக்கவாத்தியக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள், அவர்களை யாரும் விசாரிப்பதில்லை. ராகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்துக்குள் அதே ராகத்தில் வேறொருவர் பாடிய பதிவு ஒன்றைக் கேளுங்கள். பிறகு, அன்று கேட்ட பாடகரின் அடுத்த கச்சேரி எப்போது என்று தேடுங்கள். வயலினோ மிருதங்கமோ ஆள் மாறியிருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். அதே குரல் இன்னொருவரின் வாசிப்போடு எப்படித் திசை மாறுகிறது என்பதைக் கேட்க இரண்டாவது மாலையே போதும்.